ஒரே ஆள் தாங்கும் சுமை: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன உதவி?

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மருந்துச் சீட்டு தருகிறார்கள். மறுபடி வரவேண்டிய தேதியையும் எழுதுகிறார்கள். இனி ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளப் போகிற மனைவிக்கோ மகளுக்கோ அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இருக்காது. படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும் இதே கணக்குதான். அப்படியென்றால் புரட்டுகிறவர் எப்போது தூங்குவது?

கிளம்பும் முன் கற்றுக்கொள்ளுங்கள்

புரட்டுவது, மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் காலி செய்வது ஆகியவற்றைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்து பாருங்கள். நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்தால் அவருடைய தோள் பிசகும். உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அடியில் விரித்த துணியை இருவர் இருபுறமும் பிடித்து நகர்த்துவதே பாதுகாப்பு. ஆகவே, கற்றுக்கொள்ள வீட்டிலிருந்து இருவர் போகட்டும்.

ஒரு நோட்டு

பார்த்துக்கொள்பவரால் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகமுடியாததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. எந்த மாத்திரை எப்போது, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எதற்கு முனகுகிறார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். இதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இன்னொருவர் அரை நாளாவது பொறுப்பேற்க முடியும்.

அரசு தருவது

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம். கடுமையான பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியமின்றிக் கவனிக்கும் குடும்பத்தாரையும் 'பராமரிப்பாளர்' என்றே ஏற்கிறது.

மனம் சோர்ந்தால்

தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், நோயாளி மீது கோபம், பிறகு குற்றவுணர்வு: இவை களைப்பின் அறிகுறிகள், பாசக் குறைவின் அறிகுறிகள் அல்ல. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பணம் அனுப்புவது நல்லதுதான். ஆனால் மாதத்தில் 2 நாள் வந்து, அந்த நோட்டை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.