மலையிலிருந்து கடல் வரை: பேராக்கிலிருந்து ஒரு கார் பயணம்

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பப் போகிறீர்களா? ஈப்போவிலிருந்து புறப்பட்டால் மலை, பள்ளத்தாக்கு, கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. அங்குள்ள தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகலில் மழையும் மூடுபனியும் சகஜம். அதனால் காலையிலேயே ஏறுங்கள். புறப்படுமுன் எண்ணெய், டயர், பிரேக் மூன்றையும் பாருங்கள். இறங்கும்போது குறைந்த கியரில் வாருங்கள்.

மறுநாள் கிந்தா பள்ளத்தாக்கில் கோப்பேங் - பத்து காஜா சாலை. ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை அங்கேதான் இருக்கிறது. 1926-இல் அவர் இறந்துபோக, மாளிகை முடிவடையாமலே நின்றுவிட்டது. அருகில், தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலையும் தவறாமல் பாருங்கள். நம் முன்னோரின் உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற இடம் அது.

பிறகு செம்பனைத் தோட்டங்களைக் கடந்து லூமுட். காரை அங்கே நிறுத்திவிட்டு, ஃபெர்ரியில் பங்கோர் தீவுக்குப் போகலாம். திரும்பி வரும் கடைசி ஃபெர்ரியின் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமாகப் போய் வாருங்கள்!