ஆம்பிளைக் குரல்னு சொன்னாங்களா?

ஓசூரில் எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் காலையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். போன மாதம் அங்கேதான் பக்கத்து வீட்டுக்காரி குறைப்பட்டுக் கொண்டாள். "என்னக்கா பண்றது? ஸ்கூல் பாட்டுக் கோஷ்டியில இருந்து இவளை எடுத்துட்டாங்க. ஆம்பிளைக் குரலாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல." பெண்ணுக்குப் பதிமூன்று வயது.

எனக்கு உடனே உஷா உதுப் ஞாபகம் வந்தது. 1947-ல் பம்பாயில் பிறந்த நம் தமிழ்ப் பெண். அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்குப் போனால், "உன் குரல் இதுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டார்களாம்! முறையாகச் சங்கீதம் கற்கவில்லை. வீட்டில் ரேடியோ ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது, அதுதான் பாடசாலை.

1969-ல் சென்னை மவுண்ட் ரோடில் 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில் மேடை ஏறினார். நைட் கிளப் பாடகி என்றால் ஜனங்கள் எப்படி உடுப்பை எதிர்பார்த்திருப்பார்கள்? இவர் வந்ததோ புடவையில். அப்படியே இங்கிலீஷ் பாப் பாட்டு! அங்கிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் 'டிரிங்காஸ்' ஓட்டல். அங்கேதான் ஜானி உதுப்பைச் சந்தித்தார், பிறகு அவரையே மணந்தார். காஞ்சிப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் இத்தனை பெரிய பொட்டு (அதில் 'க' என்ற வங்காள எழுத்து, கல்கத்தாவுக்காக!). இன்றுவரை மாறவில்லை.

'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971), 'ஷான்' (1980), 'அர்மான்' (1981) என்று இந்திப் படங்கள். தமிழில் 'அஞ்சலி' (1990). பத்துப் பதினைந்து மொழிகளுக்கு மேல் பாடியிருக்கிறார். நம் குழாயடிக்கு வந்தால் யாரோடும் பேசிவிடுவார்!

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1980-களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், இவர் பாட்டு கலாசாரத்தைக் கெடுக்கிறது என்றார். அரசாங்க அரங்கம் கிடைக்காமல் போனது. அம்மணி சளைக்காமல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். 'டார்லிங்' பாட்டுக்காக பிலிம்ஃபேர் விருது வந்தபோது வயது 64. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண்.

குரல் விஷயம் ஒன்று. தொண்டையிலுள்ள குரல் நாண்கள் சிலருக்குச் சற்று நீளமாக, தடிமனாக இருக்கும். குரல் தாழ்ந்து ஒலிக்கும். அது நோயில்லை. நல்லாயிருந்த குரல் திடீரென்று கரகரத்து மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவாலும் குரல் கம்மலாம். சிப்காட் பக்கம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசும் பெண்களே, ஷிப்ட் முடிந்ததும் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

அந்தப் பெண்ணை டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு கோளாறும் இல்லையாம். செல்போனில் உஷாவின் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "இது லேடியா ஆன்ட்டி?" என்றாள், கண்ணை அகல விரித்து. நேற்றுச் சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் ரேடியோ என்று நினைத்துவிட்டேன்.