இருட்டுக்குள் ஒரு கண்: இரவுக் கேமரா வாங்கும் முன் வாசலை அளந்து பாருங்கள்

— இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். அது ஒருநாள் எங்கள் வீட்டுக்கே பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வீடு திண்டிவனம் – விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஊர் முடிந்து கொல்லை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. கடைசித் தெரு விளக்கு நூறு அடி முன்னாலேயே நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் கரும்பு. அம்மா வளர்க்கும் ஆடுகள்தான் எங்களுக்கு பேங்க் பாஸ்புக். என் இரண்டு வருட ஃபீஸும் ஆடு விற்ற பணம்தான்.

பக்கத்து ஊரில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா சொன்னார்: "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, நீயே பார்த்து ஒரு கேமரா வாங்கும்மா." எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமையாகத்தான் கடைக்குப் போனேன். பெட்டியில் 'இரவில் 30 மீட்டர்' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஆட்டுப் பட்டி 14 மீட்டர்தான். பாதிகூட இல்லையே! கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

கார்த்திகை அமாவாசை ராத்திரி இரண்டு ஆடுகள் போயின. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இரண்டு பேர் வருகிறார்கள், பட்டியைத் திறக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள். முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஸ்டேஷனில் பார்த்துவிட்டு, "ஆள் வந்தது தெரியுது, யாருன்னு தெரியலையேம்மா" என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது அப்பாதான், "காசு கம்மியா போட்டுட்டோம் போல" என்றார்.

காசு காரணமே இல்லை நண்பர்களே. நான் போடாத ஒரு சின்னக் கணக்குதான் காரணம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கேமரா வந்த கதை

வீட்டு வாசலைக் கேமராவில் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒரு பெரிய கம்பெனியில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸுக்கு வந்தது. நேரம் கெட்ட நேரத்தில் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய நிலை. கதவைத் தட்டுவது யார் என்று உள்ளே இருந்தே பார்க்க, கணவருடன் சேர்ந்து ஒரு கேமரா, திரை, பேசும் கருவி எல்லாம் கொண்ட அமைப்பை உருவாக்கினார். 1966-இல் விண்ணப்பித்து, 1969-இல் காப்புரிமை பெற்றார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வந்தது யார்?" நம் கேமராவும் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இருட்டில் எப்படித் தெரிகிறது?

நிறைய பேர் நினைப்பது போல, இரவுக் கேமரா உடம்புச் சூட்டைப் பார்ப்பதில்லை. சூட்டைப் பார்ப்பது தெர்மல் கேமரா. அது வேறு ஜாதி, விலையும் வேறு. நாம் வாங்குவது தானே டார்ச் அடித்துத் தானே பார்க்கும் கேமரா. அந்த டார்ச்சின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வெளிச்சம்தான் அகச்சிவப்புக் கதிர். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. அப்படித்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது.

நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. கேமராவில் உள்ள சிலிக்கான் சென்சார் 1,000 நானோமீட்டரைத் தாண்டியும் கொஞ்சம் உணரும். பகலில் இந்தக் கதிர் உள்ளே வந்தால் நிறம் கெட்டுவிடும் என்பதால் சென்சார் முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும். இருட்டியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு அது விலகிக்கொள்ளும், எல்.இ.டி.க்கள் எரியும். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அதனால் ராத்திரிப் படத்தைப் பார்த்து "வெள்ளைச் சட்டை போட்டவன்" என்று யாரையும் சந்தேகப்படாதீர்கள். சில கறுப்புத் துணிகள் அகச்சிவப்பில் வெளுப்பாகத் தெரியும். வெளுத்ததெல்லாம் பால் இல்லை!

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். டிவி ரிமோட்டின் முனையை செல்போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா கலந்த வெள்ளையாக மின்னும். அதுதான் அகச்சிவப்பு.

850-ஆ, 940-ஆ?

எல்.இ.டி. இரண்டு வகையில் வருகிறது. 850 நானோமீட்டர் வகையில் சென்சாருக்கு நன்றாகத் தெரியும், தூரம் கிடைக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 வகையில் வெளியே ஒன்றுமே தெரியாது. ஆனால் சென்சாருக்கும் குறைவாகத்தான் தெரியும், தூரம் குறையும். எங்களைப் போல் தோட்டம், கொல்லை உள்ள வீட்டுக்கு 850 தான் சரி. கேமரா இருப்பதே தெரியக்கூடாது என்றால் மட்டும் 940.

'30 மீட்டர்' என்ற ஏமாற்றம்

கடையில் சொன்னது பொய் இல்லை. 30 மீட்டர் வரை வெளிச்சம் ஏதோ போகிறது. ஆனால் நம் இயற்பியல் பாடம் என்ன சொல்கிறது? தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. 5 மீட்டரில் உள்ள வெளிச்சம் 10 மீட்டரில் கால் பங்கு, 20 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு.

அதோடு ஓடுகிறவனின் படம் கலங்கும். இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கும். அது நொடியில் 25-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் 20 செ.மீ. நகர்ந்துவிடுவான். ஒரு முகத்தின் அகலத்தை விட அது அதிகம்!

இதுதான் அந்தக் கணக்கு

கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் விழுகின்றன என்று அது கேட்கிறது.

25 புள்ளி — யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும்.
62 புள்ளி — உடை, நடை ஓரளவு தெரியும்.
125 புள்ளி — ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் கண்டுபிடிக்கலாம்.
250 புள்ளி — தெரியாத ஆளையும் அடையாளம் காட்டலாம்.

இப்போது எங்கள் கேமரா. 2 மெகாபிக்சல், அதாவது அகலவாக்கில் 1,920 புள்ளி. லென்ஸ் 2.8 மி.மீ., பார்வைக் கோணம் சுமார் 100 டிகிரி. கோணத்தில் பாதிக்கு டேன் போட்டு இரண்டால் பெருக்கினால், காட்சியின் அகலம் தூரத்தைப் போல் ஏறக்குறைய 2.4 மடங்கு வருகிறது. 14 மீட்டரில் அகலம் சுமார் 33 மீட்டர். 1,920-ஐ 33-ஆல் வகுத்தால் 58. முகத்தின் அகலம் 16 செ.மீ. என்றால் அதன் மேல் விழுந்தது வெறும் 9 புள்ளி! ஒன்பது புள்ளியில் யார் முகத்தை வரைய முடியும்?

இந்த லென்ஸில் 250 புள்ளி கிடைப்பது சுமார் 3.2 மீட்டர் வரைக்கும்தான். பாருங்கள், பெட்டியில் 30, உண்மையில் 3!

"மெகாபிக்சலைக் கூட்டினால்?" என்று கேட்பீர்கள். 4 மெகாபிக்சலில் அகலம் 2,560 புள்ளி. 3.2 மீட்டர் 4.3 ஆகும், அவ்வளவுதான். அதற்குப் பதில் 2 மெகாபிக்சலிலேயே 6 மி.மீ. லென்ஸ் போட்டால் கோணம் சுமார் 50 டிகிரியாகக் குறுகும், 8 மீட்டர் வரை முகம் கிடைக்கும். அகலம் வேண்டும் என்றால் தூரம் போகும், தூரம் வேண்டும் என்றால் அகலம் போகும். இரண்டும் ஒரே கேமராவில் கிடைக்காது. வாசல் முழுக்கப் பார்க்க ஒன்று, ஆள் கட்டாயம் நுழைகிற இடத்தைப் பார்க்க ஒன்று என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நுழைகிற இடத்துக்கே வையுங்கள்.

லென்ஸில் 'எஃப்' எண்ணையும் பாருங்கள். எண் குறைந்தால் வெளிச்சம் கூடும். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைப் போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ராத்திரியிலும் கலரில் காட்டும் கேமராக்கள் இப்படிப்பட்ட லென்ஸையும், கூடவே வெள்ளை விளக்கையும் நம்பித்தான் இருக்கின்றன.

மாட்டுகிற இடம்

எட்டு முதல் பத்தடி உயரம் போதும். அதற்கு மேல் போனால் தலை உச்சிதான் தெரியும். சுவர், ஓலைத் தாழ்வாரம், மரக்கிளை ஆகியவை கேமரா மூக்கருகே இருக்கக்கூடாது. அகச்சிவப்பு அவற்றில் பட்டுத் திரும்பினால் கிட்டே உள்ளது வெள்ளையாகும், தூரத்தில் உள்ளது கறுத்துவிடும். சிலந்தி வலையும் அப்படித்தான். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் ராத்திரியில் தன் விளக்கையேதான் அது பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே மாட்ட ஐ.பி. 66 அல்லது 67 எழுதியிருக்க வேண்டும். முதல் 6 தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு.

கரண்ட் இல்லாத கண் குருடு

2024 மக்களவைத் தேர்தல் முடிந்து வாக்கு இயந்திரங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்த அறைகளின் கண்காணிப்புக் காட்சி, நீலகிரியிலும் நம் விழுப்புரத்திலும் சிறிது நேரம் நின்றுபோன செய்தி நினைவிருக்கும். அத்தனை காவல் உள்ள இடத்திலேயே அப்படி என்றால் நம் வீடு எம்மாத்திரம்? அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஊர் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தது.

கேமரா ராத்திரியில் 6 வாட் எடுக்கிறது என்று வைத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 7 மணி நேரம் ஓடும். இன்னொன்று: பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். எல்.இ.டி. எரிந்ததும் கரண்ட் அதிகம் இழுக்கும். அடாப்டர் பலவீனமாகவோ ஒயர் மெல்லியதாகவோ இருந்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். எனக்கே இது நடந்தது.

பதிவும் பாஸ்வேர்டும்

நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு மூன்று நாளில் பழையதை அழிக்க ஆரம்பிக்கும். சம்பவம் நடந்தால் உடனே கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவு சாட்சியாக ஏற்கப்பட சான்றிதழும் வேண்டும்.

வாங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டு வாசலையும் குளிக்கும் இடத்தையும் நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. சொல்லாவிட்டாலும் அது மரியாதை இல்லை.

நாங்கள் செய்தது

புதுக் கேமரா வாங்கவில்லை. லேபிலிருந்து வந்த அன்று அளவு நாடாவை எடுத்தேன். அப்பா ஒரு முனையைப் பிடித்தார். பட்டிக் கதவிலிருந்து 3 மீட்டரில் ஒரு கம்பம் நட்டு, அதே கேமராவை அதில் மாட்டினோம். தடித்த ஒயர் இழுத்தோம். பட்டிக்கு மேல் ஆள் வந்தால் எரிகிற ஒரு சென்சார் பல்பும் போட்டோம். விளக்கெரிந்தால் கேமராவுக்கும் நல்லது, திருடனுக்கும் பயம். அன்றிரவு அப்பாவே துண்டைப் போர்த்திக்கொண்டு திருடன் மாதிரி வந்து நின்றார். போனில் அவர் மீசை தெரிந்தது. அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

போன ஆடுகள் திரும்பவில்லை. மூன்றாம் வருட ஃபீஸுக்கு மிச்சமிருக்கும் ஆடுகளைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் போன மாதம் பக்கத்துத் தெரு அத்தை வந்து, "கேமரா வாங்கணும், உன் பொண்ண அனுப்பு" என்று அம்மாவிடம் கேட்டார். நான் போனேன். இந்தத் தடவை பெட்டியைப் படிக்கும் முன்னால் வாசலை அளந்தேன்.

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டுக்கு முதல் பட்டயக்காரர்கள். "நீதான் படிக்கிறியே" என்று நம்மை நம்பித்தான் வீட்டில் காசை எடுத்துக் கொடுக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்த டேனும் தலைகீழ் இருமடி விதியும் பேப்பரோடு போய்விட வேண்டாம். நம் வீட்டு இருட்டுக்கும் அவை கொஞ்சம் உதவட்டும்!