கழுத்து டியூபா, கை ஃபிஸ்டுலாவா?

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டியில் சுத்தம் செய்து, மீண்டும் உடலுக்குள் அனுப்புவதே ஹீமோடயாலிசிஸ். வாரம் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். மெஷினைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரத்தம் வெளியே வரும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆள் பிழைப்பது அந்த வழியை நம்பித்தான்.

மெஷினுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி இரத்தம் வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் சாதாரண சிரையில் அவ்வளவு வராது. தமனியில் வரும்; ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, அதில் திரும்பத் திரும்ப ஊசி குத்துவது ஆபத்து. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. ஃபிஸ்டுலா: மணிக்கட்டிலோ முழங்கை அருகிலோ தமனியைச் சிரையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். தமனியின் அழுத்தத்தால் சிரை பருத்து, சுவர் தடிக்கிறது. ஊசி குத்தும் பக்குவம் வர 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகலாம். 1966-ல் நியூயார்க் மருத்துவர்கள் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறை இது. தொற்று குறைவு, பல வருடம் உழைக்கும்.

2. கிராஃப்ட்: சிரை மெலிந்தவர்களுக்குத் தோலுக்கடியில் செயற்கைக் குழாய் வைப்பார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் இனத்துப் பொருள்தான். 2, 3 வாரத்தில் பயன்படும். ஆனால் அடைப்பும் தொற்றும் ஃபிஸ்டுலாவைவிட அதிகம்.

3. கதீட்டர்: கழுத்தின் பெரிய சிரைக்குள் விடும் டியூப். அன்றைக்கே பயன்படும். அவசரத்துக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் கிருமி நேராக இரத்தத்தில் கலக்கும் அபாயம் இதில்தான் அதிகம்.

என் மாமா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். டாக்டர் முன்கூட்டியே ஃபிஸ்டுலா போடச் சொன்னபோது, "கையில கத்தி வெச்சா அப்பறம் மிசின்ல எப்படிங்க உக்கார்றது?" என்று 5 மாதம் தள்ளிப்போட்டார். பிறகு மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். கழுத்தில் டியூப், அடுத்த மாதமே குளிர் ஜுரம். அதன் பின்புதான் இடது கையில் ஃபிஸ்டுலா. இன்று செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறார். பொதுவாக அதிகம் புழங்காத கையில்தான் போடுவார்கள். அன்றாட வேலைக்குக் கை உதவும்.

ஃபிஸ்டுலா உள்ள கையில் பி.பி. பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ, டிரிப்ஸ் ஏற்றவோ விடக்கூடாது. இறுக்கமான வாட்ச், வளையல், பாரமான பை வேண்டாம். அந்தக் கைமேல் படுக்கவும் கூடாது. தினமும் விரல் வைத்துப் பார்த்தால் மெஷின் ஓடுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அது உண்டு. நம்மில் பலர் வீட்டில் முதல் படிப்பாளி. மருத்துவ ரிப்போர்ட்டை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். கிட்னி பாதித்தவர் வீட்டில் இருந்தால், "ஃபிஸ்டுலா எப்போது போடலாம் டாக்டர்?" என்று நாமே முதலில் கேட்போம். அதுவரை அவர் முன்கைச் சிரையில் தேவையில்லாமல் ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வோம்.