இரண்டாம் சாவி யாரிடம்?

2023 செப்டம்பர் 1 அன்று நடந்த தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்று சிங்கப்பூரின் அதிபரானார். சிங்கப்பூர் இந்தியர்கள் கூடும் தேக்கா வட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு அது வீட்டு விசேஷம் போன்ற மகிழ்ச்சி. கூடவே ஓர் எதிர்பார்ப்பும் எழுந்தது: இனி விலைவாசி, வீட்டு விலை எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று. அது அவர் வேலை இல்லை.

அமெரிக்க அதிபர் நாட்டை ஆள்பவர். சிங்கப்பூரில் ஆள்வது பிரதமரும் அமைச்சரவையும். பெரும்பாலான விஷயங்களில் அமைச்சரவை சொல்கிறபடிதான் அதிபர் நடந்தாக வேண்டும். குறிப்பிட்ட சில விஷயங்களில் மட்டும் “கூடாது” என்று மறுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. 1991-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். மறுப்பதற்கு மக்களின் பலம் வேண்டும் என்பதால்தான் தேர்தலும் வந்தது.

அவர் மறுக்கக்கூடிய விஷயங்களில் முக்கியமானது பணம். ஓர் அரசாங்கம் தன் ஆட்சிக்காலத்தில் மிச்சம்பிடித்ததைத் தானே செலவழிக்கலாம். தேர்தல் முடிந்து அடுத்த ஆட்சி வந்ததும் அந்த மிச்சம் ‘கடந்தகால நிதியிருப்பு’ ஆகிவிடும். அதன்பின் அதில் கைவைக்க அதிபரின் ஒப்புதல் வேண்டும். ஒரு பெட்டகம், இரண்டு சாவிகள். ஒன்று அரசாங்கத்திடம், மற்றொன்று அதிபரிடம்.

அந்த இரண்டாம் சாவி முதன்முதலாகத் திரும்பியது 2009-இல். உலகப் பொருளியல் நெருக்கடி சிங்கப்பூரையும் கடுமையாகத் தாக்கிய நேரம். வழக்கத்தைவிட முன்னதாக, ஜனவரி 22-ஆம் தேதியே வரவுசெலவுத் திட்டம் தாக்கலானது. தாக்கல் செய்த நிதியமைச்சர் தர்மன். ஒப்புதல் தர வேண்டிய அதிபர் எஸ் ஆர் நாதன். மருத்துவ சமூக ஊழியராக அரசாங்கப் பணியைத் தொடங்கி, 1974-இல் ‘லாஜு’ படகுக் கடத்தலின்போது பிணைக்கைதிகளை விடுவிப்பதற்காகக் கடத்தல்காரர்களுடன் குவைத்துக்கு விமானம் ஏறிய அதே நாதன். அதிபருக்கு ஆலோசனை கூறும் அதிபர் ஆலோசகர் மன்றத்தைக் கலந்து, 4.9 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுக்க அவர் சம்மதித்தார்.

அந்தப் பணம் எங்கே போனது? ஒரு பகுதி, நிறுவனங்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க அரசாங்கமே நட்டத்தில் பங்கு ஏற்றுக்கொண்ட திட்டத்துக்கு. இன்னொரு பகுதி ‘ஜாப்ஸ் கிரெடிட்’ திட்டத்துக்கு. சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே மாதம் 2,000 வெள்ளிச் சம்பளத்தில், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி கட்டப்படும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவர் சம்பளத்தில் 12 விழுக்காட்டை, அதாவது மாதத்துக்கு 240 வெள்ளி என்ற கணக்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் முதலாளிக்குக் கொடுத்தது. சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் முதல் 2,500 வெள்ளிக்குத்தான் கணக்கு. ஆளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டால் அவர் பெயரில் வரும் தொகையும் நின்றுவிடும். வேலை அனுமதிச் சீட்டில் வந்த வெளிநாட்டு ஊழியருக்கு சேம நிதி இல்லை என்பதால் அவர் இந்தக் கணக்கில் வரவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

உண்மையில் எடுக்கப்பட்டது சுமார் 4 பில்லியன். 2011-இல் அது திரும்ப வைக்கப்பட்டது. வைத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பின்னர் 2020-இல் கொவிட் காலத்தில், அதிபர் ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வரை எடுக்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தார்.

சாவி கையில் இருந்தால் மட்டும் போதாது, பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபரான ஓங் டெங் சியோங் இதைத்தான் கேட்டார். நிதியிருப்பு பற்றிய விவரங்களைப் பெறுவதில் தமக்கு ஏற்பட்ட சிரமங்களை 1999-இல் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். இந்தப் பதவிக்கு அவர் செய்த பெரிய தொண்டு அதுதான் என்பேன். அவருக்குப் பின் வந்த நாதன் 1999, 2005 இரண்டு முறையும் போட்டியின்றித் தேர்வானவர். நல்ல மனிதர், நீண்ட அனுபவம் உள்ளவர். ஆனால் அவருக்காக ஒரு வாக்குகூடப் போடும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை. மறுக்கும் அதிகாரம் உள்ள பதவிக்கு அது குறைதான்.

அதிபர் மறுத்துவிட்டால்? ஆலோசகர் மன்றத்தின் கருத்துக்கு மாறாக மறுத்திருந்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். மன்றமும் அவர் பக்கம் நின்றால் பெட்டகம் திறக்காது.

பணம் அல்லாத விஷயங்களும் உண்டு. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஒருவரை விசாரிக்கப் பிரதமர் சம்மதிக்காவிட்டாலும், அதிபர் சம்மதித்தால் விசாரணையைத் தொடரலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்டவரை விடுவிக்கலாம் என்று அந்தச் சட்டத்துக்கான ஆலோசனைக் குழு பரிந்துரைத்த பிறகும் அரசாங்கம் அவரை விடாமல் வைத்திருக்க நினைத்தால், அதற்கும் அதிபர் இணங்க வேண்டும். தலைமை நீதிபதி போன்ற முக்கியப் பதவி நியமனங்களையும் அவர் மறுக்கலாம்.

2009-இல் சாவியைத் திருப்பச் சொல்லிக் கேட்ட அரசாங்கத்தின் நிதியமைச்சரிடமே இன்று அந்தச் சாவி இருக்கிறது. கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். நேற்றுவரை உடன் பணியாற்றியவர்களிடம் தேவைப்படும்போது “கூடாது” என்று சொல்வாரா என்பதுதான், அவருடைய ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தில் நாம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது.