சூளைக்காரர் வீட்டு கரண்ட் பில்

ஊர்தோறும் மின்சாரம் – 11

விருத்தாசலம் பீங்கான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பொம்மையும் அகல் விளக்கும்தான். பழைய வீட்டு மீட்டர் பலகையில் கைக்குத் தட்டுப்படுகிற வெள்ளை ஃபியூஸ் கேரியரும் இந்த ஊர்ச் சரக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். இரண்டு முனையிலும் பித்தளை நாக்கு, நடுவில் ஒரு பள்ளம், அதன் குறுக்கே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துவிடும், வீடு தப்பிக்கும். அவசரத்துக்குத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே ஃபியூஸ் போகாது, வயரிங்தான் போகும்.

மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சுகள் வந்த பிறகு புதிய வீடுகளில் பீங்கான் ஃபியூஸுக்கு இடமில்லாமல் போனது. இருந்தாலும் மின்சாரத்தோடு இந்த ஊருக்கு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெய்வேலி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-இல் மின் உற்பத்தியும் தொடங்கிய நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணில் பீங்கானுக்கு ஆகிற வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய நெய்வேலி நிறுவனமே ஓர் ஆலையும் வைத்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிறது. பக்கத்தில் மின்சாரம் பிறக்கிற ஊர், இங்கே சூட்டை வைத்துப் பிழைக்கிற ஊர். வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றி யாரிடமாவது போய்ப் பேசவேண்டும் என்றால், இந்த ஊரில் தொடங்குவதில் நியாயம் இருக்கிறது.

பீங்கான் சுட 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். எரிபொருள் விலை ஏறினால் முதலில் அடி விழுவது சூளைக்காரருக்குத்தான். அதனால் சூடு எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டாத பாடம். கதவு இடுக்கு, விரிசல் விட்ட சுவர், அரைகுறையாக அடுக்கிய சூளை என்று வரிசையாகச் சொல்வார். அதிகம் கண்ணில் படாத கசிவு ஒன்றும் உண்டு. நீளச் சூளைக்குள் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டியைப் பார்த்தால் அது விளங்கும். வண்டியின் தளத்தில் கனத்த தீக்கல், அதன்மேல் தாங்கு தூண்கள், பலகைகள், அதற்கும் மேலேதான் கோப்பையும் பொம்மையும். விற்கப்போகிற சரக்கைவிட அதைச் சுமக்கிற கல்லும் பலகையும் கனமாக இருப்பதுண்டு. ஒவ்வொரு முறையும் எரிபொருள் முதலில் அந்தக் கல்லைத்தான் சூடேற்றுகிறது. வண்டி வெளியே வந்ததும் அந்தச் சூடு காற்றோடு போய்விடுகிறது.

2011-இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியம், ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு, இந்தியாவின் எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ. ஆகிய மூன்றும் சேர்ந்து சிறுதொழில் ஊர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கின. பீங்கானுக்கு அதில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும் குஜராத்தின் மோர்பி, தான்கட் ஊர்களும் இடம்பெற்றன. இதுபோன்ற சூளைகளுக்குச் சொல்லப்படுகிற யோசனைகளில் முக்கியமானது வண்டியின் எடையைக் குறைப்பது. கனத்த தீக்கல்லை எடுத்துவிட்டு, லேசான பீங்கான் இழைப் பொருளை வைக்கவேண்டும். சூளைக்காரர் இதைக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகமாட்டார். எத்தனை லிட்டர் மிச்சம், போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்றுதான் முதலில் கேட்பார்.

அதே மனிதர் வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காரணம் அவரிடம் இல்லை. வீட்டு மின்சாரத்தைப் பற்றி அவரிடம் இதுவரை பேசியவர்கள் யாரும் கணக்குப் பேசவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்து ஊர்வலம் போவார்கள், ஓவியப் போட்டி நடக்கும், உறுதிமொழி எடுப்பார்கள், ஃப்ளெக்ஸ் பேனர் நாலு நாள் நிற்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்ற வாசகத்தைப் படித்துவிட்டு எந்த வீட்டிலும் ஃபேன் மாறியதாகக் கேள்வியில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பிரசாரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் சிறு குடும்பத்திடம் போய்ச் சேமிப்பைப் பேசினால், எதைச் சேமிப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் சரிதான். பேசவேண்டிய வீடு வேறு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடு அது.

2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் விலை ஏறியிருந்தாலும் கட்டணத்தின் கட்டமைப்பு அதுவே. 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501-வது யூனிட் ஓடியதும் கணக்கு மாறுகிறது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 4.50 ரூபாய் ஆகிவிடுகிறது. பில் 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ரீடிங் எடுக்க வருபவர் நாலு நாள் தாமதமாக வந்தால் வீட்டில் ஏன் கோபப்படுகிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இப்போது ஃபேனுக்கு வரலாம். பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்குமேல். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. அதற்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட்டுக்குமேல் மிச்சம். கோடையில் 560 யூனிட் ஓடுகிற வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றினால் 480-க்குக் கீழே இறங்கிவிடும். மேலே சொன்ன அட்டவணைப்படி 2,430 ரூபாய் பில் 1,600-க்கு வந்துவிடும். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டுக்குப் போட்ட 6,000 ரூபாய் ஏழெட்டு பில்லில் திரும்பிவிடுகிறது. 500 யூனிட் எல்லையைத் தாண்டாத வீட்டில் இத்தனை சீக்கிரம் திரும்பாது. ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே துண்டறிக்கை என்பது இங்கே எடுபடாது. வீட்டு பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும்.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் அதைப் பார்த்து வாங்கச் சொல்வதே பாதி வேலை.

கணக்கைப் பேசி ஜெயித்த ஊருக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு விலை அதிகமாக இருந்த 2014-இல் புதுச்சேரியில் அதை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அப்போது ஒரு பல்பின் கொள்முதல் விலையே 310 ரூபாய். வீட்டுக்காரர் கொடுத்தது பல்புக்கு 10 ரூபாய். மீதியை, மிச்சமாகிற மின்சாரத்தின் மதிப்பிலிருந்து தவணையாகத் தீர்ப்பது என்று ஏற்பாடு. அங்கே செய்து பார்த்ததே 2015 ஜனவரி 5 முதல் உஜாலா என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. மொத்தமாக வாங்கியதில் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 21 யூனிட்டுக்குமேல். 9 வாட் எல்.இ.டி.க்கு மூன்றேகால் யூனிட் போதும். இதை விளக்கப் பெரிய கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. விலை இறங்கியது, பில் குறைந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார்.

கோவை மாவட்டத்து ஓடந்துறையிலும் தொடக்கம் ஒரு பில்தான். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஊராட்சி கட்டிவந்த தொகை ஏறிக்கொண்டே போனது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில் அதைக் குறைக்க ஒவ்வொரு வழியாகத் தேடிப் போனவர்கள், 2006-இல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குமேல் போட்டு 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். சேமிப்பு போக மீதி வங்கிக் கடன். ஊருக்குத் தேவையானது போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

சரி, கணக்கு கிடைத்துவிட்டது. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வது யார்?

அகமதாபாதில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பிலிருந்து 1994-இல் கிளைத்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட், குடிசைப் பகுதிப் பெண்களுக்கே மின்தணிக்கை கற்றுக்கொடுத்தது. அதே தெருவில் குடியிருக்கிற பெண் வீட்டுக்குள் வந்து உட்காருவார். பில்லை வாங்கிப் பார்ப்பார். எத்தனை பல்பு, எந்த ஃபேன், எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதுவார். கூரைத் தகடு சுடுவதைப் பற்றியும் பேச்சு வரும். வந்தவர் அந்நியர் இல்லை என்பதால் கதவு திறந்தது. பில் அந்த வீட்டுடையது என்பதால் பேச்சு எடுபட்டது.

இலங்கையில் இதே வேலையைக் குயவர்கள் செய்தார்கள். 1980-களில் அங்கே பரவிய அனகி அடுப்பு களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்தது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை கொதிக்கும். பழைய மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் குறைவு. அதைத் தொழிற்சாலையில் வார்க்காமல், ஊர்க் குயவர்களுக்கு அளவுச் சட்டம் கொடுத்துப் பழக்கினார்கள். செய்தவரே விற்றார், அடுப்பு வெடித்தால் கேள்வி கேட்க ஆள் பக்கத்திலேயே இருந்தார். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கிற சந்தை அதனால்தான் உருவானது.

விருத்தாசலத்தில் இந்த இரண்டு வழிக்கும் ஆள் இருக்கிறது. பயிலகத்தில் சூடு கடத்தலும் காப்புப் பொருளும் பாடமாகவே படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிற பெண்கள் பலர் மகளிர் குழுக்களிலும் இருப்பார்கள். குழுவில் கடன் வாங்கி ஃபேன் மாற்றுவது என்பது தையல் மெஷினுக்குக் கடன் வாங்குவதைவிட எளிய காரியம். தவணையைப் பில்லில் மிச்சமாகிற பணமே கட்டிவிடும்.

இந்த ஊரால் மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய இன்னொன்று மொட்டைமாடியில் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் சில்லுகளை மாடியில் நெருக்கிப் பதித்தால் வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். கீழ் அறையின் கொதிப்பு குறையும், ராத்திரி ஃபேன் வேகமும் குறையும். 2023-இல் தெலங்கானா கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கை இதுபோன்ற கூரைகளைத்தான் ஊக்குவிக்கிறது. வெள்ளை பூசி மெருகேற்றிய உடைசல் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சில்லுக்குக் கீழே நீர் இறங்காத பூச்சு வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் தளம் ஒழுகும். மேலே தூசி படிந்தால் பலன் பாதியாகிவிடும், அவ்வப்போது கழுவவேண்டும். கொத்தனாரைப் பழக்காமல் இந்த யோசனையை ஊருக்குச் சொல்வதில் பயனில்லை.

சூரிய மின்சாரமும் இதே கணக்கில்தான் வரும். 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நிழல் விழாத நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட் என்பது மேலோட்டமான அளவு. நாளுக்கு நாலு யூனிட் கிடைக்கலாம். ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் பல்பும் ஃபேனும், பிறகு கூரை, கடைசியில்தான் சோலார். 560 யூனிட் ஓடுகிற வீட்டை 480-க்குக் கொண்டுவந்த பிறகு மாட்டுகிற பேனல் சிறியதாக இருக்கும், செலவும் குறையும்.

வாடகை வீடுகள்தான் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இடறுகின்றன. லைன் வீடுகளில் பொது மீட்டர் ஒன்று வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. அப்படி இருக்கிற குடும்பத்துக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, 500 யூனிட் எல்லையும் இல்லை. மாடியில் சில்லு பதிக்கும் உரிமையோ சோலார் மாட்டும் உரிமையோ கிடையாது. கையில் இருப்பது பல்பும் ஃபேனும்தான். வீடு மாறும்போது அவற்றைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொள்ளலாம், கூரை மட்டும் வீட்டுக்காரரிடமே இருந்துவிடும். அந்தக் கூரையில் வாடகைக்காரருக்கும் ஒரு பங்கு வைக்க முடியுமா என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)