இலையில் தெளித்த கால்சியம் காய்க்குப் போகுமா?

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து அழுகினால், அது பெரும்பாலும் கால்சியம் பற்றாக்குறைதான். "இலை நனைய கால்சியம் தெளித்தும் அழுகல் நிற்கவில்லையே" என்று கேட்கும் விவசாயிகள் பலர். தெளித்த சத்து செடிக்குள் எங்கே போகிறது என்று பார்க்க ஓர் ஆய்வுமுறை இருக்கிறது.

அடையாளமிட்ட சத்து

கால்சியம்-45 கதிரியக்கம் உள்ள கால்சியம். செடி இதையும் சாதாரண கால்சியம் போலவே எடுத்துக்கொள்ளும். ஆனால் இதன் கதிர், புகைப்படப் பூச்சில் கறுப்புப் புள்ளி போடும். மந்தையில் நம் ஆட்டுக்குச் சாயம் பூசி விடுவது போலத்தான்.

மாதிரி தயாரிக்கும் விதம்

- இலை, காம்பு, காயிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை உடனே மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். தாமதித்தால் சத்து இடம் மாறிவிடும்.
- வழக்கம்போல் தண்ணீர், ஆல்கஹாலில் ஊறவைத்தால் கரையும் சத்து கழுவிப் போய்விடும். எனவே, பனிக்கட்டி உருகாமலே வெற்றிடத்தில் ஈரத்தை நீக்குவார்கள்.
- உலர்ந்த துண்டை, சுமார் நூறில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவுவார்கள்.
- இருட்டறையில், சீவலைப் புகைப்படப் பூச்சோடு ஒட்டவைத்து, குளிரில் பல நாட்கள் வைப்பார்கள். பிறகு படம் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால், எந்தச் செல்லில் சத்து உள்ளதோ அங்கே கறுப்புப் புள்ளி தெரியும்.
- கதிரியக்கம் இல்லாத செடியின் சீவலையும் இதேபோல் சோதிப்பார்கள். அதிலும் புள்ளி நிறைய வந்தால், அந்தச் சோதனையை நம்ப முடியாது.

இவை அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே நடக்கும். நீங்கள் வாங்கும் உரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தெரிய வந்தது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புகோவாக், விட்வர் இருவரும் பீன்ஸ் இலைகளில் கதிரியக்கச் சத்துகளை இட்டுச் சோதித்து, 1957-ல் முடிவை வெளியிட்டார்கள். பொட்டாசியமும் பாஸ்பரசும் மற்ற பாகங்களுக்கு நகர்ந்தன. கால்சியம் இட்ட இலையிலேயே தங்கிவிட்டது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மேலேறும். இலையிலிருந்து காய்க்கு இறங்காது.

நீங்கள் செய்ய வேண்டியது

- காய்க்கும் பருவத்தில் ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள். காயவிட்டுப் பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் அழுகல் கூடும். மூடாக்கு போடுவது நல்லது.
- யூரியாவை ஒரே தடவையில் அதிகம் இடாதீர்கள்.
- ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து, பிஞ்சுகள் நனையும்படி மாலையில் தெளியுங்கள்.
- இதோடு பாஸ்பேட், சல்பேட் உரங்களைக் கலக்காதீர்கள், கரைசல் திரிந்துவிடும்.

அழுகிய காய் திரும்பித் தேறாது, பறித்து அகற்றுங்கள். அடுத்து வரும் பிஞ்சுகளைக் காப்பாற்றலாம்.